அரங்கின் நெற்றியில் யார் பெயர்?

கோயில் குழல்விளக்கில் "இன்னார் உபயம்" என்று கொட்டை எழுத்தில் எழுதி வெளிச்சத்தையே மறைத்துவிடுவதைக் கண்டு நாம் பலமுறை நகைத்திருக்கிறோம். ஆயினும் அந்த உபயகாரர் விளக்கையாவது தம் காசில் வாங்கித் தந்தார். ஊரார் விளக்கிலே தம் பெயரை எழுத வருகிறவர்களை என்னவென்று சொல்வது?

கோலாலம்பூரில் உள்ள புக்கிட் ஜாலில், தோழர்களே, நம்மவர் பால்மரம் சீவிய தோட்டம். அந்த மண்ணிலேதான் 1998-ஆம் ஆண்டுக் காமன்வெல்த் விளையாட்டுகளுக்காகத் தேசிய அரங்குகள் எழுந்தன. அங்குள்ள உள்ளரங்கத்திற்குப் புத்ரா என்று பெயர். 2017-இல் ஒரு தொலைபேசிக் கம்பெனி பணம் கட்டிற்று. ஆக்சியாட்டா அரங்கம் ஆயிற்று. 2025-இல் இன்னொரு கம்பெனி வந்தது. யூனிஃபை அரங்கம் ஆயிற்று. ஆனால் அதே தோட்டத்தில் எஞ்சியிருந்த தொழிலாளர் குடும்பங்கள் வீட்டுக்காக நான்கு ஏக்கர் கேட்டுப் போராடியபோது, 2011-இல் அவர்கள் கைக்கு வந்தது வெளியேறும்படி நோட்டீசு! கம்பெனியின் பலகைக்குக் கிடைத்த இடம் பால்மரம் சீவியவனுக்குக் கிடைக்கவில்லை என்பதை நாம் மறக்கலாமா?

"அரங்கைப் பராமரிக்கப் பணம் வேண்டாமா?" என்று கெட்டிக்காரர்கள் கேட்பார்கள். வேண்டும்தான். பணம் கொடுப்பவர் உள்ளே சுவரெங்கும் விளம்பரம் ஒட்டிக்கொள்ளட்டும். நமக்கு ஆட்சேபணை இல்லை. பெயரை விற்றுவிட்டாலோ, அதை உச்சரிக்கும் ஒவ்வொரு வாயும் கூலியில்லாத் தண்டோராக்காரன் வாயாகிவிடுகிறது. மலேசியக் காற்பந்தே முன்னர் டன்ஹில் என்னும் சிகரெட்டின் பெயரைச் சுமந்து திரிந்தது. மூச்சுப் பலம் வேண்டிய ஆட்டத்திற்கு மூச்சைக் கெடுக்கும் பொருளின் பெயர்! அவ்வகை விளம்பரத்தைத் தடுக்க 2004-இல் விதிகள் செய்ய வேண்டியதாயிற்று.

கம்பெனிப் பெயரின் ஆயுளைப் பற்றித் தோட்டத்தாருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. கத்ரி என்றார்கள், 2007-இல் சைம் டார்பியோடு கலந்தார்கள், 2024-இல் மறுபடியும் எஸ்.டி. கத்ரி என்கிறார்கள். ஆயர் தாவார் என்றால் நன்னீர். இப்பெயருக்கு எவரும் பணம் கட்டியதில்லை.

இவ்வட்டாரத்துப் பந்தாட்டச் சங்கத்தாருக்கு ஒன்று சொல்வோம். சட்டை வாங்கித் தரும் கடைக்காரருக்குச் சட்டையின் முதுகு போதும். கோப்பைக்கு, அத்திடலை மண்வெட்டியால் சமன் செய்த முதிய தொழிலாளி ஒருவரின் பெயரை ஏன் சூட்டலாகாது? அடுத்த ஆட்டத்தின் நோட்டீசு அச்சுக்குப் போகுமுன் இதைப் பொதுக்கூட்டத்தில் ஓட்டுக்கு விடுங்கள்.