பள்ளிவாசலின் ஒழுங்கும் கண்டிப்பவரின் ஒழுங்கும்

 

பள்ளிவாசலுக்குச் செல்லும் முறைகளை நம் பிள்ளைகளுக்கு மக்தபிலேயே கற்பித்துவிடுகிறோம். வலக்காலை முன்வைத்து துஆ ஓதி நுழைய வேண்டும். அமர்வதற்கு முன் இரண்டு ரக்அத் தஹிய்யத்துல் மஸ்ஜித் தொழ வேண்டும். இகாமத் சொல்லப்பட்டாலும் ஓடாமல் நிதானமாக நடந்து வர வேண்டும். வெளியேறும்போது இடக்காலை முன்வைக்க வேண்டும். சங்கரன்கோவிலில் மதரஸா ஆசிரியராகப் பணியாற்றும் நானும் ஆண்டுதோறும் இவற்றை மாணவர்களை ஒப்புவிக்கச் செய்கிறேன். ஆனால், இந்தப் பட்டியலில் ஒரு பாடம் விடுபட்டிருப்பதை ஒன்பது வயது மாணவன் ஒருவனே எனக்கு உணர்த்தினான்.

கடந்த ரமலானில் ஓர் இரவு, இஷா தொழுகையின்போது பின்வரிசையில் சிறுவர்கள் சிலர் சிரித்துவிட்டனர். ஸலாம் கொடுத்தவுடன் நான் எழுந்து, அவர்களில் ஒருவனைப் பெயர் சொல்லி அழைத்து, முழு ஜமாஅத்தின் முன்னிலையில் கடுமையாக ஏசினேன். மறுநாள் முதல் அவன் பள்ளிக்கு வரவில்லை. பெருநாள் கழிந்தும் வரவில்லை. "பள்ளின்னு சொன்னாலே மாட்டேங்கிறான் ஹஜ்ரத்" என்று அவனுடைய வாப்பா வருந்தினார். வீட்டுக்குச் சென்று அவனிடம் பேசினேன். நெடுநேரம் மௌனமாக இருந்தவன், தரையைப் பார்த்தபடியே கேட்டான்: "அன்னிக்கு அந்தப் பெரியவர் செல்போன் ரெண்டு தடவை பாட்டுப் பாடிச்சே ஹஜ்ரத், அவரை யாருமே ஏசலையே?"

என்னிடம் பதில் இல்லை. அன்றிரவு தொழுகையின் அமைதியைக் குலைத்தவை இரண்டு. ஒன்றைப் பொறுத்துக்கொண்ட நான் மற்றதைத் தண்டித்தேன். பெரியவருக்கு மரியாதை இருந்தது. சிறுவனுக்கு இல்லை என்று நான் எண்ணியதே அதற்குக் காரணம்.

நபிகளார் (ஸல்) அவர்கள் கண்டித்த முறை

மஸ்ஜிதுந் நபவியில் கிராமவாசி ஒருவர் சிறுநீர் கழித்த நிகழ்ச்சியை நாம் அனைவரும் அறிவோம். பள்ளிவாசலுக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பாகவே அது தோன்றியது. தோழர்கள் கொதித்தெழுந்தனர். நபி (ஸல்) அவர்களோ அவரை இடைமறிக்க வேண்டாம் என்று தடுத்தார்கள். பின்னர் ஒரு வாளித் தண்ணீரை அவ்விடத்தில் ஊற்றச் செய்தார்கள். அந்த மனிதரை அழைத்து, பள்ளிவாசல்கள் அசுத்தத்துக்கு உரியவை அல்ல, இறைநினைவுக்கும் தொழுகைக்கும் குர்ஆன் ஓதுவதற்கும் உரியவை என்று மென்மையாக எடுத்துரைத்தார்கள். தோழர்களிடமோ, எளிமைப்படுத்துவதே அவர்களுக்குரிய பணி, கடினப்படுத்துவதன்று என்று உணர்த்தினார்கள். அந்த ஒரே நிகழ்ச்சியில் இருவர் பாடம் பெற்றனர்: தவறு செய்தவரும், தவறைக் கண்டு சினந்தவர்களும்.

முஆவியா இப்னுல் ஹகம் (ரலி) அவர்களின் வரலாறும் இத்தகையதே. தொழுகையில் பேசக்கூடாது என்பதை அறியாமல், தும்மியவருக்குத் தொழுகையிலேயே பதில் கூறிவிட்டார்கள். சுற்றியிருந்தோர் முறைத்துப் பார்த்தனர், தொடைகளில் தட்டினர். தொழுகை முடிந்தபின் நபி (ஸல்) அவர்கள் அவரை அடிக்கவில்லை, ஏசவில்லை, கடுகடுக்கவும் இல்லை. தொழுகை எதற்குரியது என்பதை விளக்கினார்கள். அவர்களைவிடச் சிறந்த ஆசிரியரைத் தாம் கண்டதில்லை என்று அந்தத் தோழரே பிற்காலத்தில் சாட்சி பகர்ந்தார்.

பள்ளிவாசல் ஒழுங்குகளைச் சற்று ஆராய்ந்தால் அவற்றுள் பல ஒரே அடிப்படையில் அமைந்திருப்பது புலப்படும். பச்சைப் பூண்டும் வெங்காயமும் உண்டு வாடையுடன் வரக்கூடாது. ஜும்ஆவில் பிறரின் தோள்களைத் தாண்டிச் சென்று அவர்களுக்குத் தொல்லை தரக்கூடாது. குர்ஆனை ஓதும்போதுகூடப் பக்கத்தில் இருப்பவருக்கு இடையூறாகக் குரலை உயர்த்தக்கூடாது. அல்லாஹ்வின் இல்லத்துக்கு வந்த அடியார் எவரும் நம்மால் துன்புறக்கூடாது என்பதே இவற்றின் உட்பொருள். அவ்வாறிருக்க, ஒழுங்கின் பெயராலேயே ஓர் அடியாரைப் புண்படுத்துவது எங்ஙனம் ஒழுங்காகும்? குத்பா நடைபெறும்போது பக்கத்தில் இருப்பவரிடம் "பேசாதே" என்று கூறுவதும் வீண்பேச்சே என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. தவறைத் திருத்த முனைபவரும் ஒழுங்கு என்னும் எல்லைக்குள் நிற்பவரே.

சிறுவர்களின் இடம்

நபி (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமாவைச் சுமந்தவாறே தொழுவித்தார்கள். ஸஜ்தாவில் இறக்கி, எழும்போது மீண்டும் தூக்கிக்கொண்டார்கள். குழந்தையின் அழுகுரல் கேட்டால், தாயின் தவிப்பை எண்ணித் தொழுகையைச் சுருக்கினார்கள். தாய்மார்களும் கைக்குழந்தைகளும் அந்தப் பள்ளிக்கு வந்திருந்தனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அப்படியானால் பிள்ளைகள் பள்ளிக்குள் ஓடி விளையாடட்டும் என்று நான் கூறவில்லை. எதையும் உணரும் பருவத்தை எட்டாத குழந்தை பள்ளியை அசுத்தப்படுத்தாமல் காப்பது பெற்றோரின் கடமை. ஓரளவு விவரம் தெரிந்த பிள்ளைக்கு வீட்டிலேயே பயிற்சி அளித்து அழைத்துவர வேண்டும். சிறுவர்களின் வரிசை எங்கே அமைய வேண்டும் என்பதில் மத்ஹபுகளிடையே விரிவான விளக்கங்கள் உண்டு. ஆனால், காதைத் திருகி, சட்டையைப் பிடித்து இழுத்துப் பின்னால் தள்ளுவதற்கு எந்த மத்ஹபும் அனுமதி வழங்கவில்லை.

வாசலில் நிற்பவர்கள்

நம் பள்ளிகளுக்கு வருவோர் நாம் மட்டும் அல்லர். மஃரிபுக்குப் பின் நோயுற்ற குழந்தையுடன், ஓதி ஊதிச் செல்லுமாறு வேண்டி வாசலில் நிற்கும் மாற்று மதத் தாய்மார்களைத் தமிழ்நாட்டின் எத்தனையோ ஊர்களில் காண்கிறோம். 2015 டிசம்பரில் சென்னையைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, பள்ளிவாசல்கள் பல மத வேறுபாடின்றி மக்களுக்கு அடைக்கலம் அளித்தன. திருவல்லிக்கேணியில் 1795ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட வாலாஜா பெரிய பள்ளிவாசலில், பிரிவினையின்போது சிந்துவிலிருந்து வந்தவர்கள் அமைத்த சூஃபிதார் அமைப்பின் தொண்டர்கள் ரமலான்தோறும் நோன்பாளிகளுக்கு இஃப்தார் உணவு பரிமாறி வருகின்றனர். இந்துக்களாகிய அவர்கள் தலையில் தொப்பி அணிந்து பணிவுடன் பரிமாறும் காட்சியைக் கண்டோர் பலர். அந்தப் பணிவை அவர்களுக்கு எவரும் அதட்டிக் கற்பிக்கவில்லை. அன்போடு வரவேற்கப்பட்ட இடத்தில் ஒழுங்கு தானே வந்துவிடுகிறது.

யமாமாவின் தலைவர் ஸுமாமா, எதிரியாகப் பிடிபட்டு மஸ்ஜிதுந் நபவியின் தூணில் கட்டப்பட்டிருந்தார். மூன்றாம் நாள் எந்த நிபந்தனையுமின்றி விடுவிக்கப்பட்ட அவர், குளித்துவிட்டுத் தாமாகவே திரும்பி வந்து இஸ்லாத்தை ஏற்றார். அந்த மூன்று நாள்களில் பள்ளிவாசலுக்குள் அவர் கண்டது நற்பண்பை.

நாம் செய்யக்கூடியவை

தந்தையர் தம் பிள்ளைகளைப் பின்வரிசையில் கூட்டமாக விட்டுவிடாமல், ஜமாஅத்தின் வழக்கம் இடமளிக்குமானால் தம் அருகிலேயே நிறுத்திக்கொள்ளலாம். பாதிச் சலசலப்பு அதிலேயே அடங்கும். செல்போனை வாசலிலேயே அமைதியாக்கும் வழக்கத்தைப் பெரியவர்கள் முதலில் கைக்கொள்ளட்டும். தவறு கண்டால் தொழுகை முடிந்தபின் தனியே அழைத்துச் சொல்வோம். வாசற்பலகையில் "கூடாது" என்ற வரிகளுக்கு முன்பாக "வாருங்கள்" என்ற ஒரு வரியையும், காலணி வைக்குமிடம், உளூச் செய்யுமிடம் ஆகியவற்றையும் எழுதி வைப்போம். புதிதாக வருபவர் கேட்கத் தயங்கும் செய்திகள் இவையே.

அந்தச் சிறுவனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். எல்லோர் முன்னிலையிலும் ஏசியதால், மறு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அவன் நண்பர்கள் முன்னிலையிலும் கேட்டேன். இப்போது அவன் வருகிறான். ஆனால் என்னைக் கண்டால் இன்னும் சற்று ஒதுங்கியே நிற்கிறான். ஒரு நிமிடச் சினம் ஏற்படுத்திய தூரத்தைக் கடக்க எத்தனை மாதங்கள் ஆகும் என்பதை அல்லாஹ்வே அறிவான்.

வல்ல இறைவன் தன் இல்லங்களைக் கண்ணியப்படுத்துவோராகவும், அவற்றை நாடி வரும் உள்ளங்களை உடைக்காதோராகவும் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.