கவசம் சிப்பாய்க்கா, பெரிய ஆபீசுக்கா?

அமைதி காக்கப் போன சிப்பாயைச் சுட்டுக் கொல்வது குற்றமா, இல்லையா? குற்றம்தான். 1994-ல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை இதற்கென்றே ஓர் ஒப்பந்தத்தை ஏற்றது. 1999-ல் அது அமலுக்கு வந்தது. ஐ.நா. படையினரைக் கொல்கிறவனையும் கடத்துகிறவனையும் அதில் சேர்ந்த நாடு விசாரிக்க வேண்டும், அல்லது விசாரிக்கிற நாட்டிடம் ஒப்படைக்க வேண்டும். நியாயமான சட்டம். அந்தச் சிப்பாய் யார்? பெரும்பாலும் நேபாளம், இந்தியா, வங்காளதேசம் போன்ற நாடுகளின் ஏழை வீட்டுப் பிள்ளை. அவன் உயிருக்குப் பாதுகாப்பு வேண்டாம் என்று எந்தத் தொழிலாளி சொல்வான்?

ஆனால் தோழர்களே, இன்னொரு கவசமும் இருக்கிறது. அது சிப்பாயின் நெஞ்சை மறைப்பதல்ல. நியூயார்க்கிலுள்ள பெரிய ஆபீசை மறைப்பது. ஐ.நா. தானே சம்மதித்தாலொழிய அதன் மீது எந்தக் கோர்ட்டிலும் வழக்கு நடக்காது என்கிறது 1946-ம் ஆண்டு ஒப்பந்தம்.

இந்தக் கவசத்தின் லட்சணத்தை ஹெய்தியில் பாருங்கள்!

2010 ஜனவரியில் அந்த நாட்டைப் பூகம்பம் குலைத்துப் போட்டது. அக்டோபரில், மிர்பலே ஊருக்கு அருகிலுள்ள ஐ.நா. முகாமுக்கு நேபாளத்திலிருந்து புதிய படை வந்து இறங்கியது. முகாமின் மலக்கழிவை அகற்றும் வேலை ஒரு காண்ட்ராக்டரிடம். கொட்டியது திறந்த குழியில். கழிவு ஓடையில் கலந்தது; ஓடை ஆர்டிபோனிட் ஆற்றில் சேர்ந்தது. அந்த ஆற்றுத் தண்ணீரில்தான் நெல் விளைகிறது. வயலில் இறங்குகிற கூலிக்காரன் குடிப்பதும் குளிப்பதும் அதே தண்ணீர்தான்.

ஏறத்தாழ நூறாண்டாகக் காலராவைக் காணாத நாட்டில் சுமார் 10,000 பேர் மாண்டார்கள். 8 லட்சம் பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள்.

சிப்பாய் மீது பழி போடாதீர்கள். குழியை வெட்டியது அவனல்ல. காண்ட்ராக்ட் கொடுத்ததும் அவனல்ல.

2011 நவம்பரில் பாதிக்கப்பட்ட 5,000 பேருக்காக ஐ.நா.விடம் மனு கொடுக்கப்பட்டது. கேட்டது என்ன? நல்ல தண்ணீர், நஷ்ட ஈடு, மன்னிப்பு. 2013 பிப்ரவரியில் பதில் வந்தது: மனுவை ஏற்க இயலாது! நியூயார்க் கோர்ட்டுக்குப் போனார்கள். அமெரிக்க சர்க்காரே வந்து, ஐ.நா. மீது வழக்குப் போட முடியாது என்று வாதித்தது. 2015-ல் வழக்கு தள்ளுபடி. 2016-ல் அப்பீலும் தள்ளுபடி.

"கவசத்தைக் கழற்றினால் எந்த நாடும் படை அனுப்பாது" என்கிறார்கள் கனவான்கள். யார் கழற்றச் சொன்னது? அதே 1946-ம் ஆண்டு ஒப்பந்தத்தின் 29-வது பிரிவைப் படியுங்கள். இத்தகைய வழக்குகளைத் தீர்க்க ஐ.நா. தக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. 2004-ல் ஹெய்தியுடன் செய்த உடன்படிக்கையிலும் நஷ்ட ஈட்டுக் கமிஷன் அமைப்பதாக எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கமிஷன் அமைக்கப்படவே இல்லை!

உரிமையை வைத்துக்கொண்டு கடமையை ஆற்றிலே விட்டார்கள் என்பதே நம் குற்றச்சாட்டு. மெஷினில் கை போனவனிடம், "கோர்ட்டுக்குப் போகாதே, நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு, கேட்டைச் சாத்துகிற மில் முதலாளிக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

2016 டிசம்பரில் பொதுச்செயலாளர் பான் கி மூன் ஹெய்தி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். 40 கோடி டாலர் திட்டம் அறிவித்தார். சட்டப்படி பொறுப்பு என்று அப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை. பணமோ, பணக்கார நாடுகள் மனமிரங்கிப் போடவேண்டிய பிச்சையாக வைக்கப்பட்டது. வந்தது அதில் ஒரு சிறு பகுதியே!

உழைக்கும் மக்கள் கேட்பது தர்மம் அல்ல, நியாயம். படை இறங்கும் முன்பே நஷ்ட ஈட்டுக் கமிஷன் அமைய வேண்டும். அதில் அந்த நாட்டு மக்களின் பிரதிநிதி உட்கார வேண்டும். ஹெய்தியில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஈடு கிடைக்க வேண்டும்.

சிப்பாயின் உயிரும் உயிர். வயலில் நிற்பவன் உயிரும் உயிர். ஒன்றைக் காக்கும் சட்டம் மற்றதையும் காக்கட்டும்!