ஜீப்பை உயர்த்துவதா, பாதையை உயர்த்துவதா?

காலபோக மழை தொடங்குமுன், புரட்டாதி ஐப்பசி மாதங்களில், ஆண்டுதோறும் எம்மிடம் ஒரு கேள்வி வருகிறது. சங்கத்தின் ஜீப்பையோ, ஊரில் ஒருவர் வைத்திருக்கும் பழைய பஜிரோவையோ காட்டி, “பாதர், இதை ரெண்டு இஞ்சி தூக்கி விட்டால் என்ன? மழைக்கு உதவுமே” என்று கேட்கிறார்கள். கராச்சில் வேலை பழகும் இளைஞர்களுக்கு இதில் ஆர்வம் அதிகம். உயரமான வாகனம் பார்வைக்கும் மிடுக்காகத்தான் இருக்கிறது. ஆயினும் நாளாந்தம் வைத்தியசாலைக்கும் சந்தைக்கும் கச்சேரிக்கும் ஓடும் வாகனத்தை உயர்த்துவது பற்றி எமக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அது பட்டுத் தெளிந்தது.

உயரத்தில் எம் மக்கள் வைத்திருக்கும் நம்பிக்கைக்குக் காரணம் இல்லாமலில்லை. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து மழைக்குள் வெளியேறியவர்களும், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னிக்குள் ஊர் ஊராக நகர்ந்தவர்களும், உழவு இயந்திரத்தின் பெரிய சக்கரங்கள் சேற்றையும் வெள்ளத்தையும் தாண்டியதைக் கண்ணால் கண்டவர்கள். கார் நின்றுவிட்ட இடத்தில் மிசினும் பெட்டியும் போயின. பிள்ளைகளையும் நெல் மூட்டைகளையும் அவைதான் காப்பாற்றின. ஆகவே உயர்ந்தது பாதுகாப்பானது என்று மனதில் பதிந்துவிட்டது.

மீளக் குடியேறிய பின்னர் எமது பழைய ஜீப்பையும் நாம் உயர்த்தினோம். வில்லுத் தகடுகளோடு மேலதிகமாக ஒவ்வொரு தகடு சேர்த்து, அவற்றைத் தாங்கும் சக்கிள்களையும் நீளமாக்கி, ஏறக்குறைய மூன்று இஞ்சி தூக்கினோம். முதல் மாரியில் பலன் தெரிந்தது. உழவு இயந்திரங்கள் ஓடி ஆழமாக்கிய இரட்டைத் தடங்களின் நடுவே நிற்கும் மண்வரம்பு, முன்பு போல எமது புகைக்குழாயையும் கியர்பெட்டியையும் உரசவில்லை. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது முன் பம்பர் மண்ணில் குத்தவில்லை. விதைநெல் ஏற்றினாலும் ரயர் மட்காட்டில் முட்டவில்லை. இவை உண்மையான நன்மைகள். இவற்றை மறைத்து எழுதுவது நேர்மையாகாது.

ஆனால் ஒரு விடயம் எமக்குப் பிந்தித்தான் விளங்கியது. பழைய லாண்ட்றோவர் போன்ற, இரு சக்கரங்களையும் ஒரே அச்சு இணைக்கும் வாகனங்களில், வில்லை உயர்த்தினால் உடல்தான் உயரும். அச்சும் அதன் நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிபரென்சலும் இருந்த இடத்திலேயே இருக்கும். முதலில் கல்லில் அடிபடுவது அந்த உருண்டைதான். அதை உயர்த்த வேண்டுமானால் பெரிய ரயர் போட வேண்டும். 6.00-16 ரயரின் விட்டம் ஏறக்குறைய 73 சென்ரிமீற்றர், 7.50-16 இன் விட்டம் ஏறக்குறைய 80. வித்தியாசத்தில் பாதிதான் அச்சுக்குக் கிடைக்கும். அதாவது நான்கு சென்ரிமீற்றருக்கும் குறைவு. அதற்கு நாம் கொடுக்கும் விலையோ, மாறாத வேகமானியில் 50 என்று காட்டும்போது வாகனம் உண்மையில் 55 இல் ஓடுவது, ஏற்றத்தில் இழுவை குறைவது, பிறேக்குக்குச் சுமை கூடுவது. பாரமான ரயர் டீசலையும் கூடக் குடிக்கும்.

அடுத்தது சரிவு. ஒரு வாகனம் எவ்வளவு இலகுவாகக் கவிழும் என்பதை அறிய ஒரு எளிய கணக்கு உண்டு. இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதியை, வாகனத்தின் பாரமையம் நிலத்திலிருந்து நிற்கும் உயரத்தால் பிரிக்க வேண்டும். எண் எவ்வளவு சிறியதோ, கவிழும் ஆபத்து அவ்வளவு அதிகம். அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிறுவனம் 2001 ஆம் ஆண்டிலிருந்து வாகனங்களைத் தரப்படுத்தும்போது இந்த எண்ணைக் கருத்தில் எடுக்கிறது. அகலம் 140 சென்ரிமீற்றர், பாரமையம் 70 இல் என்று வைத்துக்கொண்டால் விடை 1. உடலை உயர்த்தியதால் பாரமையம் 75 ஆகிவிட்டால் விடை 0.93. கூரைமேல் உரப்பைகளை அடுக்கினால் இன்னும் குறையும். சேற்றுப் பாதையில் பத்து மைல் வேகத்தில் போகும்போது இது தெரியாது. அதே வாகனம் மாலையில் ஏ-9 வீதியில் வேகமாகத் திரும்பி வரும்போது கட்டாக்காலி மாடு ஒன்று குறுக்கே வந்து, சாரதி ஸ்ரியறிங்கை வெட்டித் திருப்பினால் தெரியும். எமது ஜீப் வருடத்தில் எத்தனை நாள் சேற்றில் ஓடுகிறது என்று ஒருமுறை சாரதியின் ஓட்டப் புத்தகத்தைப் புரட்டினோம். அறுபது நாள் கூட இல்லை. மற்ற நாட்களெல்லாம் தார் வீதியும் கிறவல் வீதியும்தான்.

ஆனாலும் எமது மனதை மாற்றியது இந்தக் கணக்கல்ல. ஒரு இரவு, பிரசவ வலி கண்ட ஒரு தாயை ஏற்ற ஜீப் போனது. படி அவருக்கு இடுப்பளவு உயரம். பிளாஸ்ரிக் கதிரை ஒன்றை வைத்தார்கள். நனைந்த முற்றத்தில் அதன் கால்கள் புதைந்தன. கடைசியில் இரண்டு ஆண்கள் தூக்கி ஏற்றினார்கள். அவர் வெட்கத்தில் அழுததை நாம் பார்த்துக்கொண்டு நின்றோம். அதற்குப் பிறகு கவனித்தபோதுதான், மூட்டுவாதம் உள்ள வயதானவர்கள், காலை இழந்தவர்கள் எல்லாம் எமது ஜீப்பில் வருவதைத் தவிர்த்து முச்சக்கர வண்டிக்குக் காசு கொடுத்துப் போவது தெரிந்தது. மகளிர் சங்கத்தினர் இதை முன்னரே கதைத்திருக்கிறார்கள். எம்மிடம் சொல்லத்தான் தயங்கியிருக்கிறார்கள்.

பழுதுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உடல் உயர்ந்ததும் பிறேக் ஒயில் குழாய்கள் இழுபட்டன. புரொபலர் தண்டின் சரிவு கூடி அதன் மூட்டுகள் சீக்கிரம் தேய்ந்தன. முன்விளக்கு மேல்நோக்கி எதிரே வந்த சைக்கிள்காரரின் கண்ணைக் கூசச் செய்தது. பஜிரோ போன்றவற்றில் முன்பக்கம் முறுக்குக் கம்பிகளில் தாங்குகிறது. ஆணியை இறுக்கினால் உயர்ந்துவிடும், செலவுமில்லை. ஆனால் சக்கரத்தைத் திருப்பும் அரைத்தண்டுகள் அளவுக்கு மேல் சரிந்து, அவற்றின் இறப்பர் உறை கிழிந்து, உள்ளே சேறு போகும். செலவில்லாத வேலை பிறகு பெரும் செலவாகிவிடும்.

இனி, வெள்ளம். இதைக் குறித்துத்தான் நாம் அதிகம் அஞ்சுகிறோம். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் வெள்ளத்தில் நின்றதையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் செய்ததையும் நாம் கண்டோம். உயர்த்திய வாகனம் வைத்திருப்பவர் தாம்போதிக்கு மேலே பாயும் நீரைப் பார்த்து, “எனக்குப் போகலாம்” என்று நினைக்கிறார். ஓடும் நீர் இரண்டு அடி இருந்தாலே பெரும்பாலான வாகனங்களை, ஜீப்புகளையும் சேர்த்து, அடித்துச் செல்லப் போதும். நீர் தள்ளுவது மட்டுமல்ல, வாகனத்தைத் தூக்கவும் செய்கிறது. தூக்கிய சக்கரத்துக்கு நிலத்தில் பிடி இல்லை. 2024 நவம்பர் 26 ஆம் திகதி, அம்பாறை மாவட்டத்தின் காரைதீவு, மாவடிப்பள்ளிப் பகுதியில், மத்ரசா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தில் சிக்கியது. பல பிள்ளைகள் மாண்டனர். உயரத்துக்கு நாம் உதாரணம் காட்டும் அதே வாகனந்தான் அது.

நின்ற நீர் என்றாலும் கவனம் வேண்டும். காற்று இழுக்கும் குழாய் வழியாக எஞ்சினுக்குள் நீர் போனால், நீரை அமுக்க முடியாமல் உள்ளே தண்டுகள் வளைந்துவிடும். ஓடிச் சூடான டிபரென்சல் குளிர்ந்த நீரில் இறங்கினால் சீல்கள் வழியே நீரை உள்ளிழுக்கும். அடுத்த நாள் ஒயிலைப் பாருங்கள். பால்போல வெளுத்திருந்தால் உடனே மாற்ற வேண்டும். வில்லை எத்தனை இஞ்சி தூக்கினாலும் இவை அப்படியே இருக்கும்.

அப்படியானால் ஒன்றும் செய்யக்கூடாதா? 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரிக்குப் பின் தனியார் பாவனைக்கும் திறந்துவிடப்பட்டாலும், புதிய வாகனத்தின் விலை எம்மைப் போன்ற சங்கங்களுக்கு எட்டாதது. பழையவற்றைத்தான் ஓட்டியாக வேண்டும். அவற்றில் பலவற்றுக்கு உயர்த்துதல் தேவையில்லை. தளர்ந்துபோன வில்லைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தால் போதும். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்காட்டின் விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் இறங்கியிருக்கும். எமது ஜீப்பில் அது இரண்டு இஞ்சி. இருபது வருடச் சுமை அதைத் தின்றிருந்தது. நாம் உயர்த்தியதில் பெரும்பகுதி, கம்பனி கொடுத்த உயரத்தைத் திரும்பப் பெற்றதுதான். எந்நேரமும் பாரம் ஏற்றும் வாகனமாயின் பின்பக்கம் ஒரு தகடு சேர்க்கலாம். காட்டுப்பாதைக்கும் வயலுக்கும் மாத்திரம் வைத்திருக்கும் வாகனத்தை இரண்டு இஞ்சிவரை உயர்த்துவதை நாம் குறை சொல்லமாட்டோம். அப்போதும் பிறேக் குழாய், சக்கர நேர்த்தி, விளக்கு ஆகியவற்றைச் சேர்த்தே சரிசெய்து, காப்புறுதிக்காரருக்கும் அறிவித்துவிடுங்கள். நடுவரம்பு உயர்ந்த பாதையில் ஒரு சக்கரத்தை வரம்பின்மேல் ஏற்றி ஓட்டினால், சதம் செலவில்லாமல் அடிப்பாகம் தப்பும். எமது சாரதி இதை ஒரு மாட்டுவண்டிக்காரரிடம் கற்றார்.

எமது ஜீப் இப்போது பழைய உயரத்தில், புதிய தகடுகளோடு ஓடுகிறது. பக்கத்தில் ஒரு படி ஒட்டி வைத்திருக்கிறோம். மீதிக் காசுக்கு என்ன செய்வது என்று கிராம அபிவிருத்திச் சங்கமும் கமக்காரர் அமைப்பும் கூடியபோது, ஜீப் ஒவ்வொரு மாரியும் புதையும் அந்த ஒரே இடத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. வாய்க்கால் வீதியைக் குறுக்கறுக்கும் இடம். மதகு இல்லை. ஜீப்பை உயர்த்தினால் ஜீப் போகும். பால் கொண்டுபோகும் சைக்கிளும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும், லாண்ட்மாஸ்ரரும் நிற்கும். பிரதேச சபைக்கு எழுதினோம். தவிசாளரை நேரிலும் கண்டோம். குழாயைச் சபை தருவதாகவும், மண்ணும் உழைப்பும் ஊரவர் தருவதாகவும் முடிவானது. இரண்டு கொங்கிறீற் குழாய்கள் வந்து வீதியோரத்தில் கிடக்கின்றன. மழைக்கு முன் இறக்க வேண்டும். வரும் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மண்வெட்டியோடு வரக்கூடியவர்கள் சங்கச் செயலாளரிடம் பெயரைக் கொடுங்கள்.