மூத்தோரின் வாக்கு வாரிசுகளின் சொத்தன்று



வாக்குப்பதிவு நாளுக்கு முன்பே வாக்களிக்கும் வசதி நம் நாட்டில் எல்லோருக்கும் இல்லை. தேர்தல் பணியில் இருப்போர், படைவீரர்கள் போன்ற சிலருக்கு அஞ்சல் வாக்கு உண்டு. அண்மைக் காலத்தில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும், வீட்டில் இருந்தவாறே முன்கூட்டி வாக்களிக்கும் உரிமை கிடைத்துள்ளது. தமிழகத்தில் 2021 சட்டமன்றத் தேர்தலின்போது இது 80 வயதுக்கு மேற்பட்டோருக்கு வழங்கப்பட்டது. 2024 மக்களவைத் தேர்தலுக்குச் சற்று முன்னர் அந்த வயது வரம்பு 85 ஆக உயர்த்தப்பட்டது. 40 விழுக்காட்டுக்குக் குறையாத ஊனமுடைய வாக்காளருக்கு இந்த வயது வரம்பு பொருந்தாது.

நம் வீட்டு வாசல் வரை வந்த இவ்வுரிமையை நாம் எப்படி நடத்துகிறோம்? கசப்பாக இருப்பினும் இதைப் பேசியே ஆக வேண்டும். நம் குடும்பங்களில் இரண்டு அநீதிகள் சத்தமின்றி நடக்கின்றன.

முதலாவது, அலட்சியம். வீட்டிலிருந்து வாக்களிக்க விரும்புவோர் படிவம் 12-டியை நிரப்பி, தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாள்களுக்குள் ஒப்படைக்க வேண்டும். வாக்குச்சாவடி நிலை அலுவலரே வீடு தேடி வந்து படிவத்தைத் தருகிறார். வாசலில் நிற்கும் மகனோ, "உம்மாவுக்கு முடியாதுங்க, அதெல்லாம் வேண்டாம்" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார். உள்ளறையில் இருக்கும் தாயிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. கேட்டிருந்தால், "எனக்கு வாக்குச்சாவடிக்கே போக வேண்டும், நாலு முகங்களைப் பார்க்க வேண்டும்" என்றுகூட அவர் சொல்லியிருக்கலாம். அதுவும் அவருடைய உரிமையே. வீட்டில் வாக்களிப்பது கட்டாயமன்று. ஆனால் விண்ணப்பம் ஏற்கப்பட்ட பின்னர் வாக்குச்சாவடியில் அவர் வாக்களிக்க இயலாது. அலுவலர்கள் முதன்முறை வரும்போது வாக்காளர் இல்லையென்றால் இன்னொரு முறை வருவார்கள். அப்போதும் இல்லையென்றால் அந்த வாக்கு போயிற்று. முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட நாளில் வீட்டைப் பூட்டிவிட்டு, மூத்தவரையும் அழைத்துக்கொண்டு திருமண விருந்துக்குச் செல்லும் குடும்பம் எதை இழக்கிறது என்பதை உணர்வதில்லை.

இரண்டாவது அநீதி இதனினும் கொடியது. அலுவலர்கள் வருகிறார்கள், நடைமுறைகள் காணொளியில் பதிவாகின்றன. ஆனால் வாக்காளர் தம் வாக்கைக் குறிக்கும் அந்தக் கணம் அவருக்கு மட்டுமே உரியது. அதைப் படமெடுக்கவோ எட்டிப் பார்க்கவோ எவருக்கும் அனுமதியில்லை. குறித்த சீட்டை உறையிலிட்டு ஒட்டிய பிறகே அது அலுவலர் கைக்குச் செல்கிறது. பார்வையற்றோரும் உடல் நலிவால் தாமே குறிக்க இயலாதோரும் மட்டும் வயது வந்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். அந்தத் துணைவரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். நம் வீடுகளில் நடப்பது என்ன? கண்ணும் கையும் நன்றாக இருக்கும் மூதாட்டியின் தோளருகே பேரன் குனிந்து நின்று, "நன்னி, இந்தப் பெயர்" என்று விரல் வைக்கிறான். அலுவலர் தடுத்தால், "அவங்களுக்கு ஒன்றும் தெரியாது, நாங்கள் சொல்வதுதான்" என்று குடும்பமே சீறுகிறது.

வாக்கை மார்க்க அறிஞர்கள் எந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தார்கள் என்பதைச் சிந்தியுங்கள். முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்கள் அதனை சாட்சியம், பரிந்துரை, வகாலத் என்னும் மூன்று நிலைகளில் வைத்து விளக்கினார்கள். சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவத்துக்குள்ளாகிறது என்று அல்பகரா அத்தியாயத்தின் 283ஆம் வசனம் எச்சரிக்கிறது. பெற்றோருக்கும் உறவினருக்கும் பாதகமாக இருப்பினும் நீதியின் சாட்சிகளாக நிற்குமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் பணிக்கிறது. சாட்சி சொல்ல வந்தவரின் வாயில் நம் சொல்லைத் திணித்தால், அது அவருடைய சாட்சியமாகுமா?

"குடும்பத் தலைவன் முடிவெடுத்தால் போதாதா?" என்று கேட்போர் உண்டு. நபி (ஸல்) அவர்களிடம் பைஅத் செய்ய வந்த மூமினான பெண்களைப் பற்றி அல்மும்தஹினா அத்தியாயத்தின் 12ஆம் வசனம் பேசுகிறது. அந்தப் பெண்களின் உறுதிமொழி கணவன் வழியாகவோ மகன் வழியாகவோ பெறப்படவில்லை, அவர்களிடமிருந்தே பெறப்பட்டது. இரண்டாம் அகபா உடன்படிக்கையில் 73 ஆண்களோடு இரு பெண்களும் தாமே பைஅத் செய்தார்கள். அவர்களுள் ஒருவர் நுஸைபா பின்த் கஅப் (ரலி). குடும்பத் தலைமை என்பது பராமரிக்கும் பொறுப்பு. பிறருடைய மனச்சாட்சியின் மீது அது ஆட்சி செலுத்தாது.

"இந்த வயதில் அரசியல் என்ன தெரியும்?" என்பது மற்றொரு வாதம். 2024இல் 85 வயதை எட்டியவர் 1939 வாக்கில் பிறந்தவர். வாக்குரிமை வயது 21 ஆக இருந்த காலத்தில், 1962 பொதுத்தேர்தலில் முதன்முறை வாக்களித்திருக்கக்கூடியவர். 1967இல் தமிழகத்தின் ஆட்சியை மாற்றிய தலைமுறை அவர்களுடையது. ரேஷன் கடை வரிசையில் நின்று அரிசியின் விலையை அறிந்தவருக்கு அரசியல் தெரியாது என்று, கைப்பேசியில் வரும் துணுக்குகளை நம்பும் நாம் சொல்வது எவ்வளவு பெரிய அகந்தை!

"அந்நியர்கள் வீட்டுக்குள் வருகிறார்களே, பர்தா என்னாவது?" என்ற கவலை நியாயமானது. வரும் நாள் முன்னரே தெரியும் என்பதால் அதற்குரிய ஏற்பாட்டையும் செய்துகொள்ளலாம். எரிவாயு உருளை கொண்டு வருபவரையும் மின்பணியாளரையும் அனுமதிக்கும் வீட்டில், வாக்குப் பெற வருவோருக்கு மட்டும் பர்தாவைக் காரணம் காட்டுவது நேர்மையாகாது.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் இதில் கடமை உண்டு. ஐந்து நாள் அவகாசம் கண்மூடித் திறப்பதற்குள் கழிந்துவிடும். எனவே அறிவிக்கை வெளியாகும் முன்னரே மஹல்லாவில் உள்ள 85 வயது கடந்தோரையும் மாற்றுத்திறனாளிகளையும் கணக்கெடுங்கள். ஜும்ஆவுக்குப் பின் அறிவிப்புச் செய்யுங்கள். படிவம் நிரப்ப ஆலிமாக்களையும் படித்த பெண்பிள்ளைகளையும் அனுப்புங்கள். செல்வோர் எந்தக் கட்சியின் பெயரையும் உச்சரிக்கக் கூடாது. உதவி என்ற பெயரில் வாக்குச் சேகரிப்பதும் அமானித மோசடியே.

பிள்ளைகளே! முதுமையடைந்த பெற்றோரிடம் சலிப்பின் சிறு சொல்லும் கூடாது என்று கற்றிருக்கிறோம். அவர்களுடைய தீர்மானத்தைப் பறிப்பது அந்தச் சொல்லைவிட இலேசானதா? படிவம் வந்தால் அவர்களிடம் கேளுங்கள். அலுவலர் வந்தால் கண்ணாடியை எடுத்துக் கொடுங்கள், வேட்பாளர் பெயர்களை அவர்கள் கேட்டால் படித்துக் காட்டுங்கள், பின்னர் அறையை விட்டு வெளியேறுங்கள். யாருக்கு வாக்களித்தார்கள் என்று பிறகும் கேட்காதீர்கள். அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்கும் நன்மக்களாக அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக, ஆமீன்.