மண்புழுவை வாங்க வேண்டாம், வர விடுங்கள்



குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால், ஊருக்குத் திரும்பி வயலும் தோட்டமும் பார்க்கிறவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "சார், மண்புழு கிலோ கணக்கில் எங்கே கிடைக்கும்?" வாங்கி வயலில் விடுவது வீண் செலவு என்பதே என் கருத்து.

விலைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் ஆப்பிரிக்க, ஐரோப்பிய இனங்கள். சாணத்திலும் மட்கும் குப்பையிலும் வாழ்பவை. தொட்டியில் உரம் தயாரிக்க நல்லவை. வெறும் மண்ணில் தங்காது. மண்ணைத் துளைத்து வாழ்வது நம் நாட்டுப் புழு.

வகுப்பில் நடத்தியது நினைவிருக்கிறதா? மண்புழுவுக்கு எலும்பும் இல்லை, நுரையீரலும் இல்லை. உடலுக்குள் உள்ள நீர்மம்தான் எலும்பின் வேலையைச் செய்கிறது. வளையத் தசை சுருங்கினால் உடல் மெலிந்து நீண்டு மண்ணிடுக்கில் நுழையும். நீளத் தசை சுருங்கினால் பருத்துக் குறுகி, பின்பகுதியை இழுத்துக்கொள்ளும். வழுக்காமல் பிடித்துக்கொள்ள நுண்ணிய முட்கள் உண்டு. மூச்சு, ஈரத்தோல் வழியாக. தோல் காய்ந்தால் சாவுதான்.

அப்படியானால் சித்திரை வெயிலில் எப்படிப் பிழைக்கிறது? பல இனங்கள் ஆழத்துக்குப் போய், சிறு அறை செய்து, சுருண்டு கிடக்கும். மழை நனைத்ததும் மேலே வரும். நீங்கள் காசு கொடுத்துத் தேடுவது உங்கள் காலடியிலேயே காத்திருக்கிறது!

அதற்கு வேண்டியது ஈரம், நிழல், உணவு. வைக்கோலையும் சருகையும் கொளுத்தாதீர்கள்; மூடாக்காகப் போடுங்கள். தொழு உரம் இடுங்கள். வீட்டு முற்றம் முழுவதையும் பேவர் பிளாக்கால் மூடாதீர்கள். உடனே பலன் தெரியாது. ஓரிரு வருடம் பொறுக்க வேண்டும்.

இங்கிலாந்தில் பல இடங்களில் ஏக்கருக்கு ஆண்டுக்கு 10 டன்னுக்கு மேல் மண் புழுக்களின் உடல் வழியே போய் வருவதாக 1881இல் டார்வின் எழுதினார். 1891இல் வெளிவந்த மனோன்மணீயத்தில், சுந்தரனார் படைத்த நடராசன் நாங்கூழ்ப் புழுவிடம் பேசி அதன் உழைப்பைப் போற்றுகிறான். அவர் பெயர் தாங்கிய பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர்கள் உங்களில் பலர்.

அடுத்த மழைக்கு மறுநாள், ஒரு அடி நீள, அகல, ஆழத்துக்குத் தோண்டி எண்ணிப் பாருங்கள். வெட்டுப்பட்ட புழு இரண்டாகிவிடும் என்பது கட்டுக்கதை, அதனால் மண்வெட்டியை மெதுவாகப் போடுங்கள். எத்தனை கிடைத்தது என்று கீழே எழுதுங்கள்.