காய்ந்த குளம் செத்த குளமல்ல, தோழர்களே!

தோழர்களே! சாத்தான்குளத்துத் தோழர்களே! எழுந்து வாருங்கள். குளத்துக்குள் இறங்குங்கள்.

தண்ணீர் இல்லை. தெரியும். தாமிரபரணியின் கடைமடை நாம். நமக்குத் தண்ணீர் கொண்டுவர 2009-இல் தொடங்கிய வெள்ளநீர்க் கால்வாய் வேலை எத்தனை ஆட்சியைப் பார்த்துவிட்டது!

ஒரு பிடி மேல்மண்ணை அள்ளுங்கள். லென்ஸ் வைத்துப் பாருங்கள். கருப்பாய்ப் பொடித் துணுக்குகள் தெரிகின்றனவா? நீர்த்தெள்ளு என்னும் பொடி நீருயிரின் முட்டை உறைகள் அவை.

நீர் நிறைந்த நாளில் நீர்த்தெள்ளு பெண்ணையே பெறும். ஆணே வேண்டாம். குளம் வற்றட்டும், இரை குறையட்டும், உடனே ஆண் பிறக்கும். இணை சேரும். முட்டையைக் கெட்டி உறைக்குள் பூட்டி மண்ணில் விட்டுவிட்டுத் தாய் போய்விடும். உறை வெயிலைத் தாங்கும். ஆண்டுக்கணக்கில் தாங்கும்.

மழைக்குட்டையில் மல்லாந்து நீந்துமே குட்டி இறால், அது இன்னும் கெட்டி. முதல் மழைக்கு எல்லா முட்டையும் பொரியாது. ஒரு பங்கு பொரியும். மிச்சம் அடுத்த மழைக்குக் கிடக்கும். முதல் மழையை அது நம்புவதில்லை. நாம்தான் ஒவ்வொரு தேர்தலுக்கும் நம்புகிறோம்!

நத்தை மூடியை இறுக்கிச் சேற்றுக்குள் போய்விட்டது. தூத்துக்குடி உப்பளத்துக் குட்டி இறாலான ஆர்ட்டீமியா, உப்பு ஏறினால் குஞ்சு போடுவதை நிறுத்தி முட்டை போடுகிறது.

எல்லாம் தாங்கும். ஜே.சி.பி.யைத் தாங்காது, தோழர்களே!

முட்டை கிடப்பது மேலே சில அங்குலத்தில். டிப்பரில் முதலில் ஏறுவதும் அதுதான். அனுமதி வண்டலுக்கு. குழியோ ஆள் உயரம் போகிறது. இருட்டில் மண் போகிறது. பார்க்கிறோம். டீ குடிக்கிறோம். பேசாமல் வீட்டுக்குப் போகிறோம்.

விவசாயி கரம்பை எடுக்கட்டும், அது அவர் உரிமை. மண் வியாபாரிக்கு நம் குளத்தில் என்ன வேலை?

பேசாதிருந்தால் என்ன ஆகும்? மழை வரும். குளமும் பெருகும். பொரிக்க முட்டை இருக்காது. மீன்குஞ்சுக்கு இரை இருக்காது.

2020 ஜூனில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் இறந்தபோது இந்த ஊர் வாய் திறந்தது. கடையடைத்துத் தெருவுக்கு வந்தோம். நாடே திரும்பிப் பார்த்தது. அந்த வாய் இப்போது எங்கே?

சுற்றுவட்டக் கிராமங்களில் மே 1 கிராம சபை. வாருங்கள். குளத்தில் ஒரு பகுதியைத் தொடக்கூடாது என்று தீர்மானம் போடுவோம். தாசில்தார் அலுவலகத்தில் அனுமதிச் சீட்டைக் கேட்போம். ஆழத்தை நாமே அளப்போம். அதற்கு முன்பே வண்டி வந்தால் கரையில் நிற்போம். இன்றிரவே நிற்போம். வாருங்கள் தோழர்களே, டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும்!