படம் சாட்சி சொல்லாது

சிவப்புக் கோட்டும் வெள்ளை விக்குமாக மொசார்ட் நம்மைப் பார்க்கும் ஓவியம் இசைத்தட்டு உறையிலும் பியானோ வகுப்புச் சுவரிலும் இருக்கிறது. கேட்பவர்களிடம், மொசார்ட் இப்படித்தான் இருந்தார் என்று அடித்துச் சொல்லவும் ஆட்கள் இருக்கிறார்கள். பழைய எண்ணெய் வண்ண ஓவியம் என்றாலே ஆளை எதிரில் உட்காரவைத்து வரைந்தது என்று நினைத்துக்கொள்வதால் வரும் வினை இது.

மொசார்ட் இறந்தது 1791இல். பார்பரா கிராஃப்ட் அந்த ஓவியத்தைத் தீட்டியது 1819இல். இடையில் 28 ஆண்டுகள். இசைமேதைகளின் படங்களைச் சேர்த்துவந்த வியன்னாக்காரர் ஜோசஃப் சோன்லைத்னர் கேட்டதால் வரைந்தது. மொசார்ட்டின் அக்கா நானெர்ல் குடும்பத்துப் பழைய படங்களைக் கொடுத்து உதவினார். ஆக, படத்தைப் பார்த்து வரைந்த படம் அது. அதே அக்கா எழுதிய குறிப்பில் தம்பி குள்ளம், ஒல்லி, வெளிறிய நிறம், தோற்றத்தில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாதவர். கணவரின் சாயல் நன்றாக அமைந்தது என்று மனைவி கான்ஸ்டான்சே சொன்னது வேறொரு படத்தை: சகலை ஜோசஃப் லாங்கே வரைந்து பாதியில் விட்டது. முடியாத படத்தை யார் உறையில் போடுவார்கள்?

பேத்தோவன் விஷயத்தில் கூத்து வேறு மாதிரி. 1812இல் சிற்பி ஃபிரான்ஸ் கிளைன், மார்பளவுச் சிலை செய்வதற்காக அவர் முகத்தில் ஈரப் பிளாஸ்டரை அப்பி அச்செடுத்தார். அச்சு அசல்தான், சந்தேகமில்லை. ஆனால் பிளாஸ்டர் இறுகும்வரை வாயையும் கண்ணையும் மூடிக்கொண்டு அசையாமல் கிடந்தால் எவர் முகமும் கடுகடுவென்றுதான் இருக்கும். அந்தக் கடுகடுப்பை விதியோடு மல்லுக்கு நின்ற மேதையின் சீற்றம் என்று பின்னால் வந்தவர்கள் படித்தார்கள். அசல் அச்சே ஆளின் குணத்தைச் சொல்லாதபோது ஓவியம் எங்கே சொல்லப்போகிறது?

1964இல் நம் சட்டமன்றத்தில் திறந்துவைத்த வள்ளுவர் படம் கே. ஆர். வேணுகோபால் சர்மாவின் கற்பனை என்பது ஊரறிந்தது. அந்தத் தெளிவு நமக்கு இருக்கிறது. ஐரோப்பிய ஓவியம் என்றதும் அதைக் கழற்றி வைத்துவிடுகிறோமே, ஏன்?

'பாட்டுதானே முக்கியம், முகம் எப்படி இருந்தால் என்ன?' என்று கேட்பார்கள். அப்படியானால் படமே போட வேண்டாமே! போடுகிறோம், முகத்தைக் கொண்டு ஆளை எடைபோடவும் செய்கிறோம். சிடுசிடுப்புதான் மேதைமை, களையான முகம்தான் திறமை என்று பிள்ளைகள் மனத்தில் பதிவது இப்படித்தான்.

படங்களை எடுத்துவிடச் சொல்லவில்லை. பாடநூல் தயாரிப்பவர்களும் பத்திரிகை ஆசிரியர்களும் ஒவ்வொரு படத்தின் கீழும் வரைந்தவர் பெயர், ஆண்டு, நேரில் பார்த்து வரைந்ததா கற்பனையா என்ற விவரம் மூன்றையும் போடட்டும். ஒரு வரி போதும். அந்த வரி இல்லாத படத்தை வாசகர்கள் நம்ப வேண்டியதில்லை.